நெய்தலில் மூன்று நாள்

பூனாகலை மலையிலே வானம் கழுவி விட்டாற்போலத் தெளிந்திருக்கும் காலைகள் ஆண்டில் சில உண்டு. அப்பொழுது முகடேறித் தெற்கு நோக்கினால், தேயிலைச் சரிவுகளுக்கும் அவற்றின் கீழே பரந்து கிடக்கும் தாழ்நிலக் காடுகளுக்கும் அப்பால், வெள்ளிக் கம்பியொன்றை நீட்டி வைத்தாற்போல ஒரு கோடு தோன்றும். அது கடல். "அந்தா தெரியுது பாரு, அதுதான் நாம வந்த கடல்" என்று எங்கள் பெரியோர் தம் பிள்ளைகளுக்குக் காட்டினர். அப்பிள்ளைகள் வளர்ந்து தம் பிள்ளைகளுக்குக் காட்டினர். எனக்கும் அவ்வாறே காட்டப்பட்டது.

அது நாம் வந்த கடல் அன்று. அம்பாந்தோட்டைப் பக்கத்துத் தென்கடல் அது. நாம் வந்த கடலோ எங்கள் முதுகுப்புறத்தே, வடமேற்கில், மலைகள் பலவற்றுக்கும் காடுகள் பலவற்றுக்கும் அப்பால் மன்னாரில் இருக்கிறது. பள்ளியில் இலங்கைப் படம் வரையக் கற்ற அன்று இதனை வீட்டில் வந்து சொன்னேன். எவரும் பொருட்படுத்தவில்லை. கண்ணுக்குத் தெரிகிற கடலை விட்டுத் தெரியாத கடலை எவர் ஏற்பர்?

தமிழாசிரியனுக்கு நெய்தல் புதிதன்று என்பீர்கள். உண்மைதான், ஏட்டளவில் புதிதன்று. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றும், தெய்வம் வருணன் என்றும், சிறுபொழுது எற்பாடு என்றும், உரிப்பொருள் இரங்கல் என்றும் முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி அழித்து வந்திருக்கிறேன். ஐங்குறுநூற்றில் நெய்தல் நூறும் பாடியவர் அம்மூவனார் என்பதை மாணவர் பிழையின்றி ஒப்புவிப்பர். நானும் பிழையின்றிப் புள்ளி இடுவேன். ஆயினும், கடலைக் கிட்ட நின்று கண்டவர் கையை உயர்த்துக என்றால், முப்பது பேர் உள்ள வகுப்பில் நாலைந்து கைகளே எழும். கேட்கின்ற ஆசிரியனின் கையும் நெடுங்காலம் எழாத கையே. கொழும்புக் காலிமுகத்திடலில் ஒருமுறை நின்றதை நான் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே கடலைக் காட்டிலும் சனத்திரளே பெரிது.

மலையிலுள்ளோர் கடற்கரைக்குப் போய் ஓய்ந்திருப்பது என்பது எம்மவர்க்குள் அண்மைக்காலம் வரை இல்லாத வழக்கம். காசு இல்லாமை ஒரு காரணம். அதனினும் ஆழமான காரணம் ஒரு சொல்லில் இருக்கிறது. தோட்டத்துப் பேச்சிலே 'பேர்' என்றொரு சொல் உண்டு. காலைப் பிரட்டுக்குப் போய், குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தால் அன்று 'பேர்' விழும். நிறை குறைந்தால் அரைப் பேர். வேலைக்குப் போகாத நாளில் பேர் இல்லை. செக்றோலில் ஆளின் பெயருக்கு நேரே குறியிடும் முறையிலிருந்து இவ்வழக்குத் தோன்றியது போலும். சொல்லாராய்ச்சிக்கு இனிய செய்தி. ஆனால் அதன் மறுபுறத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உழைக்காத நாளிலே மனிதருக்குப் பேரே இல்லை என்றாகிவிடுகிறது. பேர் இல்லாத நாளொன்றை இன்பமாகக் கழிக்கும் பழக்கம் எம்மவர்க்கு எங்ஙனம் வரும்? தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் விடுமுறை உண்டு. பெண்களுக்கு அவை மற்றை நாளினும் வேலை மிகுந்த நாட்கள். சும்மா இருத்தலை ஞானியர் பெருநிலை என்பர். லயத்தில் அதற்குச் சோம்பல் என்று பெயர்.

என் அத்தைக்கு அப்போது எழுபத்தொன்பது வயது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். 2024 ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே, கொழும்பில் வேலை பார்க்கும் அவர் மகன் வந்து, "மூன்று நாள் எங்கேனும் ஒரு தீவில் கடலோரமாகத் தங்கி வருவோம்" என்றான். இளையவர்கள் நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலையைச் சொன்னார்கள். பவளப் பாறைகள் உண்டாம், மீன்களோடு நீந்தலாமாம். ஒரு மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அத்தை தலை நிமிராமலே, "போறதுன்னா தலைமன்னாருக்குப் போவோம்" என்றார்.

மன்னாரும் ஒரு தீவுதான். பாலம் போட்ட தீவு தீவாகத் தோன்றாதாகையால் பலர் இதனை மறந்துவிடுவர். ஆனால் அத்தை தலைமன்னாரைச் சொன்னது தீவு என்பதற்காக அன்று. அவருடைய அக்கா, அஃதாவது என் பெரியத்தை, 1971 இல் அவ்வழியாகத்தான் இந்தியாவுக்குப் போனார். 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை எண்ணி, 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கிவைத்தது. அந்த மிச்சமும் 1974 இல் சரிபாதியாகப் பகிரப்பட்டது. அரசியலாருக்கு இவை வட்டமான எண்கள். ஒரே காம்பராவில் ஒரே கம்பளிக்குள் படுத்த அக்காளும் தங்கையும் இரண்டு எண்களுக்குள் பிரிந்து விழுந்தார்கள். பண்டாரவளை ரயில் நிலையம் வரை சென்று வழியனுப்பியவர் அத்தை. அந்த வண்டிக்கு எங்கள் பக்கத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பெரியத்தை கோத்தகிரிப் பக்கத்தில் குடியேறினார். சில காலம் கடிதம் வந்தது, பிறகு வரவில்லை. இறந்த செய்தி மட்டும் பல ஆண்டு கழித்து எவரோ சொல்லி வந்தது.

புறப்படும் முன்னர் அயலில் ஒருவர், "வயதானவரைக் கடலோரம் கொண்டு போகிறீர்களே, 2004 இல் வந்தது மறந்துபோயிற்றா?" என்றார். அத்தை அவரைத் திரும்பிப் பார்த்து, "மலை வரலையா?" என்றார். எங்களுக்குப் பக்கத்து மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலையிலேயே மண் சரிந்து வீடுகளைக் கொண்டுபோயிற்று. அயலவர் வாய் திறக்கவில்லை.

அவ்வாண்டு மாகோவுக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே ரயில் பாதை திருத்த வேலைக்காக மூடப்பட்டிருந்தது. வேனில் போனோம். நுவரெலியா, கண்டி கடந்து மாத்தளைக்கு இறங்கியதும் எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. தம்புள்ளை, அநுராதபுரம், மதவாச்சி, மன்னார் என்று இனி நாம் போகப்போகும் பாதை எம் முன்னோர் வந்த பாதையன்றோ? அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கித் தெற்கு நோக்கி நடந்தார்கள். நாமோ மெத்தையில் சாய்ந்துகொண்டு அதே வழியைப் பின்னோக்கிப் படிக்கிறோம். கோப்பிக் காலத்திலே அவ்வழியில் வாந்திபேதியும் காய்ச்சலும் கொண்டுபோனவர் தொகை எழுதப்படாத தொகை. 2023 இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பலர் கால்நடையாக வந்தனர். 16 நாள் ஆயிற்று. நமக்கு ஒரு பிற்பகல்.

மன்னார்ப் பாலத்தில் ஏறியதும் இரு மருங்கும் நீர். "அத்தை, கடல்!" என்றேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முழங்காலளவு நீர், சேறு, நடுவே ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள். "இதுதானா? கொளம் மாதிரி இருக்கே" என்றார். நூறு நெய்தற் பாட்டைக் கற்றவனுக்கும் மறுமொழி அகப்படவில்லை.

மன்னார்த் தீவு நீண்டு ஒடுங்கியது. மேட்டு நிலம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மலையிலிருந்து வருபவர் கண்ணுக்கு முதலில் தைப்பது அந்தச் சமன்தான். நிமிர்ந்து நிற்பவை பனைகளும் தென்கரையோரத்துக் காற்றாலைகளுமே. தெருவெல்லாம் கழுதைகள். பேரப்பிள்ளைகளுக்குக் கடலினும் கழுதை பெரிய வியப்பாயிற்று. பள்ளிமுனையில் ஒரு பெருக்க மரம் நிற்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் கொணர்ந்தது என்பர். சுற்றளவு ஏறக்குறைய 19 மீற்றர். தேயிலை மரத்தை இடுப்பளவில் கவ்வாத்து வெட்டிப் பழகிய அத்தை அதன் அடியை ஒருமுறை சுற்றி வந்து, "இத யாரும் வெட்டலையா?" என்று மட்டும் கேட்டார்.

தலைமன்னாருக்குக் கிட்ட, கடலோரமாய், பனையோலை வேலி கட்டிய ஒரு சிறு விடுதியில் தங்கினோம். முற்றமெல்லாம் மணல். ஒரு பூவரசு. அதற்கப்பால் அடம்பங்கொடி படர்ந்த மேடு, அதற்கப்பால் கடல். 'அடும்பு' என்று உரையிலே படித்த கொடியைக் காலால் மிதித்த பின்னரே அதுவென அறிந்தேன். ஊதா நிறப் பூ; ஆட்டுக் குளம்புபோற் பிளந்த இலை. முப்பது ஆண்டு கற்பித்த ஒன்றுக்கு அன்று அறிமுகமானேன் என்று சொல்ல நாணவில்லை.

முதல் நாள் விடியுமுன் முற்றத்தில் சத்தங் கேட்டு எழுந்து பார்த்தேன். அத்தை விளக்குமாற்றோடு நின்றார். பாதி முற்றம் கூட்டியாகிவிட்டது. விழுந்த காவோலைகளை இழுத்து ஓரத்தில் அடுக்கியும் இருந்தார். விடுதியில் சமைக்கும் பெண் ஓடி வந்து, "அம்மா, நீங்க இருங்கோ, இது என்ர வேலை" என்று விளக்குமாற்றை வாங்கினார். பேச்சு வளர்ந்தது. அப்பெண்ணின் பெற்றோரும் மாத்தளைப் பக்கத் தோட்டத்தார். 1977 கலவரத்தில் வடக்கே வந்தவர்கள். "அப்ப நம்ம ஆளா நீ?" என்று அத்தை கேட்டார். பிறகு அந்த முற்றத்தை இருவரும் சேர்ந்தே கூட்டி முடித்தார்கள். ஓய்வுக்கு என்று அழைத்து வந்த எனக்குச் சற்று வருத்தந்தான்.

அன்று முற்பகல் பேசாலைப் பக்கத்துக் கரையொன்றில் கரைவலை இழுக்கக் கண்டோம். வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு அணியாக இழுக்கின்றனர். மணிக்கணக்காகிறது. மடி கரைக்கு வந்தபோது சூடையும் கீரியும் சில பாரைகளும் வெள்ளியாய்த் துள்ளின. அத்தை மீனைப் பார்க்கவில்லை, ஆட்களையே பார்த்தார். "இவங்களுக்குப் பேரு எப்புடி?" என்றார். பேர் இல்லை, பங்கு. வலைக்காரச் சம்மாட்டியாருக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு என்று விளக்கினேன். மீன் படாவிட்டால்? பங்கும் இல்லை. "அப்ப நம்மள மாதிரித்தான்" என்று சொல்லிவிட்டு மணலில் அமர்ந்தார். அந்தத் தீவில் அவர் தாமாக அமர்ந்தது அதுவே முதல் தடவை.

இரண்டாம் நாள் கடலில் இறங்கினோம். சித்திரையில் சோளகக் காற்று இன்னும் எழாத காலம். கடல் வார்த்து வைத்தாற்போல இருந்தது. பீலித் தண்ணீரில் பல் கிட்டிக்கக் குளித்துப் பழகிய உடம்புக்கு இளஞ்சூடான நீர் என்பதே ஒரு புதுமை. அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை போனார். ஒரு விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். கரைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கால்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று பிறகுதான் விளங்கியது: அட்டை. "இங்கே அட்டை கிடையாது" என்றேன். அருகே வலை பின்னிக்கொண்டிருந்தவர், "ஏன் இல்லை? இருக்கு" என்று சொல்லி ஒரு வாளியைக் காட்டினார். உள்ளே கடலட்டை. அதனை அவித்து உலர்த்திச் சீனத்துக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்புகிறார்கள் என்றும், நல்ல விலை என்றும் சொன்னார். அத்தை சிறிது யோசித்து, "எங்க ஊரு அட்டைக்கு யாராவது காசு குடுத்திருந்தா நாங்கல்லாம் தொரைமாரு ஆயிருப்போம்" என்றார். வலைக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அன்று மாலை தலைமன்னார் இறங்குதுறைக்குப் போனோம். பாம்பன் பாலம் திறந்த அதே 1914 இல் இங்கும் தண்டவாளம் வந்து சேர்ந்தது. அக்கரையில் தனுஷ்கோடி, இடையிலே கப்பல். மண்டபம் முகாமில் தங்கவைத்து நோய் சோதித்து, தகரத் துண்டு கட்டி, தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய காலத்தில் கணக்கற்றோர் இத்துறையில் கால் வைத்தனர். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து வந்தது. பெரியத்தையைக் கொண்டுபோனதும் அதுதான். யுத்தம் மூண்டு 1980 களில் அதுவும் நின்றது. 1990 இல் ரயிலும் நின்று, 2015 மார்ச்சிலேயே மீண்டது. கப்பல் நின்ற பின்னரும் இக்கடலில் போக்குவரத்து நிற்கவில்லை. போருக்கு அஞ்சிப் படகேறியவர்கள் அதே மண்டபம் முகாமில் அகதிகளாய் இருந்தார்கள். 2022 இல் அரிசிக்கும் பாலுக்கும் வழியற்றுப் போன சில குடும்பங்களும் இரவில் இக்கரையிலிருந்தே புறப்பட்டன. வயிற்றுக்காக இப்பக்கம் வந்தவர்களும் வயிற்றுக்காக அப்பக்கம் போனவர்களும் ஒரே நீரைத்தான் கடந்தார்கள்.

பழைய துறையின் இரும்புகள் துருவேறி நின்றன. வெளிச்சவீடு பின்னால். மணல் திட்டுகள் மேற்கே தொடங்குகின்றன; இராமன் அணை என்பாரும் ஆதம் பாலம் என்பாரும் உளர். அங்கே நாம் போகவில்லை. கரையிலே உட்கார்ந்தோம். சித்திரை மாதத்தில் அவ்விடத்து ஞாயிறு மேற்கிலிருந்து சிறிதே வடக்கு ஒதுங்கிச் சாயும். தனுஷ்கோடி இருப்பதும் ஏறக்குறைய அத்திசையே.

எற்பாடு என்னும் சொல்லைப் பற்றி உரைகாரரிடையே ஒரு வழக்கு உண்டு. ஞாயிறு படும் பொழுது என்பார் ஒருசாரார். ஞாயிறு தோன்றும் பொழுது என்பார் மற்றொருசாரார். வகுப்பில் இரு பக்கத்தையும் எடுத்துரைத்து முதற்பக்கத்துக்கே தீர்ப்பளிப்பேன். அன்று பொழுது இறங்கி நீரைத் தொட்டபோது நான் அந்த வழக்கை மறந்துவிட்டேன்.

"அக்கா போன பக்கந்தானே இது?" என்றார் அத்தை.

"ஆம் அத்தை. நேரே அதுதான்."

"எம்புட்டுத் தூரம்?"

"முப்பது கிலோமீற்றர் இருக்கும்."

அவர் மனத்துள் எதையோ அளந்தார் என்று முகத்திலே தெரிந்தது. பூனாகலையிலிருந்து பதுளைக்குப் போகும் தூரங்கூட இல்லை. மாதா மாதம் ஓய்வூதியப் பணத்துக்கும் மருந்துக்கும் அலைந்த தூரத்தினும் குறைவு. ஐம்பத்து மூன்று ஆண்டுகளாக வேறோர் உலகமென்று அவர் நினைத்திருந்த இடம் அது.

"இம்புட்டுத்தானா!" என்றார்.

அழவில்லை. இருட்டும் வரை அங்கேயே இருந்தார். வகுப்பிலே இரங்கல் என்பதற்கு 'வருந்தியிருத்தல்' என்று பொருள் எழுதி வந்தவன் நான். 'இருத்தல்' முல்லைக்கு உரியது. ஆகவே வேறு சொல் தேட வேண்டும் என்று சில காலமாக எண்ணியதுமுண்டு. அன்று முதல் அந்தத் திருத்தத்தைக் கைவிட்டேன். இருந்தாரே, அதுதான்.

மூன்றாம் நாள் அத்தை விளக்குமாற்றைத் தொடவில்லை. விடிந்தபின்தான் எழுந்தார். தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு பூவரசின் கீழே பாய் விரித்து அமர்ந்தார். நண்பகல் வரை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் பேரன் கொணர்ந்த சிப்பிகளை மடியில் வாங்கி வைத்தார், ஒருமுறை வெற்றிலை போட்டார், வேறொன்றும் செய்யவில்லை. நண்டுக் குழம்போடு உண்டபின் அதே பாயில், கடற்காற்றில், பட்டப்பகலில் உறங்கினார். அத்தை பகலில் உறங்கி நாங்கள் கண்டதில்லை. அவர் மருமகள் இருமுறை வந்து மூச்சு வருகிறதா என்று பார்த்துப் போனாள்.

புறப்படுகையில் பேசாலையில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் கருவாடு வாங்கினார். திருக்கைக்கும் கட்டாவுக்கும் தனித்தனியே அரைமணி நேரம் விலை பேசினார். மலைக்குக் கொண்டு வந்து விற்கும் விலையில் பாதிதான் என்று தெரிந்ததும், லயத்தில் இன்னின்னார் வீட்டுக்கு இவ்வளவு என்று விரல்விட்டு எண்ணி இன்னும் ஒரு பொதி சேர்த்துக்கொண்டார். அநுராதபுரம், தம்புள்ளை, மாத்தளை எங்கும் அந்த வாசனையோடுதான் வந்தோம்.

ஊர் திரும்பிய மறுவாரத்தில் ஒரு தெளிந்த காலை. அத்தை வாசலில் கருவாட்டைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். பேரன் தெற்கே கையை நீட்டி, "அப்பாயி, நாம போன கடல் தெரியுது!" என்றான். அத்தை நிமிராமலே கத்தி பிடித்த கையால் பின்புறத்து மலையைக் காட்டினார்.

"அது இல்லடா. நம்ம கடல் இந்தப் பக்கம்."

"அங்க ஒண்ணுந் தெரியலையே அப்பாயி?"

"தெரியாது. வேனுல ஒரு நாள் போகணும்" என்று சொல்லிவிட்டு, அத்தை அடுத்த வீட்டுப் பங்கை எண்ணத் தொடங்கினார்.